பினாங்கில் பருந்துகளின் சாப்பாட்டு வேளை

பிப்ரவரி 17, திங்கள் – பட்டர்வொர்த், ஜார்ஜ் டவுன்

பருந்தைப் படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அது வட்டமிடுவதையோ, கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதையோதான் தேடுவார்கள். எனக்கு அது சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். எதைப் பிடித்தது, எங்கே கொண்டுபோனது, எந்தப் பகுதியை முதலில் கிழித்தது, எதை வேண்டாமென்று உதறியது, இதெல்லாம் படத்தில் தெரிய வேண்டும். நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் செம்பருந்துகளை வைத்துத்தான் இந்தப் பழக்கம் வந்தது. ஏலம் முடிந்து தரையைக் கழுவும் நேரத்தில் அவை தலைக்கு மேல் கூட்டமாக இறங்கும். பார்த்துக்கொண்டே வளர்ந்தேன்.

சித்தி வீடு மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்தில். பல வருடமாகக் கூப்பிடுகிறார். இந்த முறை போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வெண்வயிற்றுக் கடற்கழுகு. சிறகை விரித்தால் 2 மீட்டர் வரும். எங்கள் கரையில் எப்போதாவதுதான் கண்ணில் படும். பினாங்குத் தீவைச் சுற்றி அது கூடு கட்டி வாழ்கிறது.

பையை வைத்துவிட்டு மதியமே படகேறித் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் போனேன். கட்டணம் 2 வெள்ளி. ரிங்கிட்டை இங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நான் போன சமயத்தில் ஒரு வெள்ளி ஏறத்தாழ 20 ரூபாய். வெயில் 33 டிகிரி என்று போன் சொன்னது, காற்றில் இருந்த ஈரத்துக்கு அது இன்னும் கூடுதலாக உறைத்தது.

கால்வாயின் நடுவில் ஒரு செம்பருந்து வந்தது. படகு கிளப்பிய நுரையின் மேல் தாழ்ந்து, காலை நீட்டி, வெள்ளையாக எதையோ எடுத்துக்கொண்டு மேலே போனது. போகும்போதே காலை அலகுக்குக் கொண்டுவந்து ஒரு கடி கடித்துப் பார்த்தது. பிறகு கீழே போட்டுவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது சாப்பாடு கட்டும் தெர்மோகோல் பெட்டியின் ஒரு துண்டு. பினாங்கில் என் கேமராவில் விழுந்த முதல் இரை அது. அதை நான் அழிக்கவில்லை.

மாலை நாசி கண்டார் கடையில் வரிசை தெருவரை நின்றது. சோறு போட்ட பாய்க்குப் பூர்வீகம் கடையநல்லூர் பக்கம். என் பேச்சைக் கேட்டதும், “இந்தியாலேர்ந்தா வர்றீங்க? அப்ப மீன் முட்டை எடுத்துக்குங்கம்மா, இது அங்க கிடைக்காது” என்றார். எல்லாக் குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி, வெண்டைக்காயையும் வைத்துக் கொடுத்தார். 16 வெள்ளி. பின்னால் அத்தனை பேர் நின்றும் அவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய் – கோலா மூடா

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், வடமேற்கு மூலையில், மூடா ஆறு கடலில் சேரும் இடம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பினாங்கு, அந்தப் பக்கம் கெடா. இங்கே இருக்கும் மீன் ஏலச் சந்தைக்கு பாசார் பீசிக் (கிசுகிசுப்புச் சந்தை) என்று பெயர். சித்தி மகன் காரில் கூட்டிப்போனான்.

இப்படி ஓர் ஏலத்தை நான் பார்த்ததே இல்லை. எங்கள் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவரின் குரல் கடல்வரை கேட்கும். இங்கே ஏலக்காரர் மீன் குவியலுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறார். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராக நெருங்கி, அவர் தோளில் கை போட்டு, காதில் விலையைச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். யார் எவ்வளவு சொன்னார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. கடைசியில் அதிகம் சொன்னவருக்குக் குவியல் போகிறது. தோற்றவர் முகம் வாடுவதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. ரொம்ப மரியாதையான ஏற்பாடு என்று எனக்குப் பட்டது. ஒரு மலாய்ப் பெரியவர் என் லென்ஸைப் பார்த்துவிட்டு, மீன் கூடையை ஓரமாக நகர்த்தி நான் நிற்க நிழலில் இடம் செய்து கொடுத்தார்.

படகுகள் உச்சிவேளையை ஒட்டித்தான் வந்தன. படம் எடுக்க அதைவிடக் கெட்ட வெளிச்சம் கிடையாது. சூரியன் நேர் மேலே, பறவையின் அடிப்பக்கம் முழுக்க இருட்டு. செம்பருந்துக்குத் தலையும் மார்பும் தூய வெள்ளை, மீதி உடல் செங்கல் நிறம். வெள்ளைக்கு வெளிச்சத்தை அளந்தால் உடல் கறுத்துப்போகும், உடலுக்கு அளந்தால் தலை வெளுத்துப்போகும். வானத்தைப் பின்னணியாக வைக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் கூட்டினேன். ஆற்றங்கரைக் கண்டல் மரங்களின் பச்சை பின்னால் வரும்போது அரைக்கு மேல் குறைத்தேன். ஷட்டர் வேகம் 1/2500 நொடி. அதற்குக் கீழே போனால் இரை உள்ள கால் கலங்கிவிடுகிறது, எனக்கு வேண்டியதே அந்தக் கால்தான்.

செம்பருந்து நீருக்குள் பாய்கிற பறவை இல்லை. மேற்பரப்பில் மிதப்பதைக் காலால் கிள்ளி எடுத்துக்கொண்டு போகும். செத்த மீன், நண்டு, குடல், எது கிடைத்தாலும் சரி. சிறியதாக இருந்தால் உட்கார்ந்து சாப்பிடுகிற வேலையே இல்லை. பறந்தபடியே காலை முன்னால் கொண்டுவந்து, தலையைக் குனிந்து, ஒவ்வொரு துண்டாகப் பிய்த்து விழுங்கும். அந்தக் கணத்தில் சிறகு அசையாது, உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கும், கண் இரையைப் பார்க்கும். நொடிக்கு 20 படம் எடுக்கிற கேமராவிலும் தலை, கால், இரை மூன்றும் ஒரே கோட்டில் வருவது ஒன்றிரண்டுதான்.

இன்றைக்குக் கிடைத்ததில் எனக்குப் பிடித்தது ஓர் இளம்பறவை. முதல் வருடத்தில் அவை முழுக்கப் பழுப்பாக இருக்கும், வெள்ளைத் தலை கிடையாது. பலரும் வேறு பருந்து என்று நினைத்துவிடுவார்கள். அது ஒரு நண்டைத் தூக்கிக்கொண்டு போனது. நண்டு உயிரோடு இருந்தது. கொடுக்கால் அதன் விரலைக் கவ்விவிட்டது. பறவை காலை உதறியது, மறு காலால் பிடித்தது, மறுபடி உதறியது. பெரிய பறவைகளாக இருந்தால் முதலில் கொடுக்கைத்தான் ஒடித்திருக்கும், இதை நாகையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்தக் குட்டிக்கு அது இன்னும் தெரியவில்லை. கடைசியில் நண்டு ஆற்றில் விழுந்தது. நண்டுக்குச் சந்தோஷப்படுவதா, பறவைக்கு வருத்தப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

காகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருந்து இரை எடுத்த உடனே இரண்டு மூன்று காகம் வாலைப் பிடிக்க வந்துவிடும். இந்த வீட்டுக்காகம் மலாயாவின் சொந்தப் பறவை இல்லை. காப்பித் தோட்டத்துப் புழுக்களை ஒழிப்பதற்காக 1890-களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். புழு போனதோ இல்லையோ, காகம் நாடு முழுக்க நிறைந்துவிட்டது. அப்படி ஒரு துரத்தலின் நடுவில்தான் மேலிருந்து மீன் குடல் ஒன்று நழுவி என் தோளிலும் கேமராப் பட்டையிலும் விழுந்தது. பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா சிரிக்காமல் எழுந்து வந்து, தன் வாளித் தண்ணீரால் துடைத்துவிட்டார். காசு கொடுக்கப் போனேன், கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

எனக்கு இடம் கொடுத்த பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். நாகப்பட்டினம் என்று தம்பி மலாயில் சொன்னான். அவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. “சுனாமி,” என்றார். 2004 டிசம்பர் 26-இல் இந்தக் கரையையும் அலை அடித்தது. மலேசியாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்குக்காரர்கள். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். அவர் ஆற்றின் எதிர்க்கரையைக் கையால் காட்டினார், தண்ணீர் எதுவரை வந்தது என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். நானும் காட்டினேன். இருவருக்கும் நடுவில் மொழி இல்லை, தேவையும் படவில்லை.

சாப்பாடு அங்கேயே ஒரு கொட்டகையில் மீ ஊடாங் (இறால் நூடுல்ஸ்), 15 வெள்ளி. இறால் பெரிது, குழம்பில் கொஞ்சம் இனிப்புத் தூக்கல்.

பிப்ரவரி 19, புதன் – தெலோக் பகாங்

தீவின் வடமேற்கு மூலை. ஜார்ஜ் டவுனிலிருந்து பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. இறங்கியதும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்து அரை மணி நேரம் எதுவும் தெரியவில்லை. துடைக்கத் துடைக்க மறுபடி படியும். வெயிலில் வைத்துக் காத்திருப்பது ஒன்றுதான் வழி.

2003-இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா இங்கேதான் தொடங்குகிறது. கடலோரமாகவே காடு. முனையில் 1883-இல் கட்டிய மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம். படகுக்கு 180 வெள்ளி கேட்டார்கள், மூன்று மணி நேரத்துக்கு 150 என்று படிந்தது. ஓட்டுகிறவர் மலாய்க்காரர், கூட வந்தவர் தமிழர், முன்பு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவராம்.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் அவர் ஒரு நெகிழிப் பையைத் தூக்கிக் காட்டினார். “தங்கச்சி, கோழித்தோல் ரெண்டு கிலோ இருக்கு. கேமரா கொண்டு வர்றவங்க கேப்பாங்கன்னு வாங்கி வச்சேன். தண்ணியில போட்டா பத்து நிமிஷத்துல வந்துரும்.”

வேண்டாம் அண்ணே என்றேன். அவருக்குப் புரியவில்லை. கோபமும் இல்லை, உண்மையாகவே ஏன் என்று கேட்டார். லங்காவித் தீவில் எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்றார். செய்கிறார்கள், நெடுநாளாக. அங்குள்ள கிலிம் ஆற்றில் சுற்றுலாப் படகுகள் கோழித்தோலை அள்ளி வீச, செம்பருந்துகள் பத்துப் பதினைந்தாக வந்து எடுக்கும். மலேசிய இயற்கை ஆர்வலர்கள் அதைத் தொடர்ந்து எதிர்த்து வருகிறார்கள். நான் அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

கோழித்தோல் பெரும்பாலும் கொழுப்பு. மீனையும் நண்டையும் முள்ளோடும் ஓட்டோடும் தின்கிற பறவைக்கு அதில் எலும்பு இல்லை, சுண்ணாம்புச் சத்து இல்லை. முட்டை ஓடு அதிலிருந்துதான் வர வேண்டும். குஞ்சுக்கும் தாய் அதையே கொண்டுபோய் ஊட்டும். படகு வரும் நேரத்துக்குக் காத்திருக்கப் பழகிய பறவையின் குஞ்சு, நேற்றுப் பார்த்தேனே அந்த நண்டுக்காரக் குட்டி, அதைப்போல் தப்புச் செய்து கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைக்காது. இது பறவையின் பக்கம். படத்தின் பக்கம் எனக்கு இன்னொரு வருத்தம் உண்டு. அந்தப் படங்களில் காலுக்குள் இருப்பது வெள்ளையாக, உருவமில்லாமல் தொங்கும். அது எந்தக் கடல், எந்த மாதம், அந்தத் தண்ணீரில் என்ன மீன் ஓடுகிறது, எதையும் அந்தப் படம் சொல்லாது.

அண்ணன் சிறிது நேரம் யோசித்தார். “அப்ப நாகப்பட்டினத்துல மீன் குடல் போடுறாங்களே, அது?” என்றார். நல்ல கேள்வி. அதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: அங்கே நான் போகாத நாளிலும் குடல் விழும். பறவைக்காகவோ படத்துக்காகவோ யாரும் போடுவதில்லை. அவர் தலையாட்டினார், முழுதாக ஒப்புக்கொண்டாரா தெரியாது. பையை மட்டும் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அதற்கப்புறம் அவர்தான் எனக்கு உண்மையான ஆசிரியர். “கழுகு சூரியனைப் பாத்துத்தான் எறங்கும் தங்கச்சி. நெழல் முன்னால விழுந்தா மீன் ஓடிரும்ல.” அதனால் சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றால் பறவை நம் முகத்துக்கு நேரே வரும். இத்தனை வருடத்தில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தந்ததில்லை. படகை அப்படியே திருப்பி நிறுத்தச் சொன்னார்.

இரண்டு மணி நேரம் போனது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே மரத்தில் ஒரு கடற்கழுகு உட்கார்ந்தே இருந்தது. பக்கத்து வளைகுடாவிலிருந்து விரால் அடிப்பான் (ஆஸ்ப்ரே) என்னும் மீன்பிடிப் பறவை ஒன்று மீனோடு எழும்பியது. மீனின் தலையை முன்னால் வைத்து, காற்றைக் கிழிக்க வசதியாக நீளவாக்கில் பிடித்திருந்தது. அவ்வளவுதான், மரத்திலிருந்த கழுகு கிளம்பிவிட்டது. நேராக அதன் மேலே போய்க் கால்களை நீட்டி விரட்டியது. விரால் அடிப்பான் இரண்டு முறை வழுக்கித் தப்பியது, மூன்றாவது முறை மீனை விட்டுவிட்டது. மீன் கடலில் விழ, கழுகு தணிந்து ஒரே கையில் எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனது. பறித்துத் தின்பதும் அதன் பிழைப்பில் ஒரு பகுதி. தூரம் அதிகம், வெப்ப அலையில் படங்கள் எல்லாம் நடுங்கிப் போயிருக்கின்றன. ஆனாலும் நடந்தது என்ன என்று அவற்றை வரிசையாகப் பார்த்தால் புரியும்.

திரும்பும் வழியில் குரங்குக் கடற்கரையில் இறங்கினோம். நீண்டவால் குரங்கு ஒன்று அண்ணனின் கட்டுச்சோற்றை, இரண்டு நாசி லெமாக் பொட்டலம், அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது. என் பையிலிருந்த சித்தி சுட்ட தோசையைப் பங்கு போட்டுக்கொண்டோம்.

பிப்ரவரி 20, வியாழன் – மழை

விடியற்காலையிலிருந்து மழை. தண்ணீர்மலைக்குப் போனேன். 513 படி, மேலே பாலதண்டாயுதபாணி. ஏறி முடித்தபோது நகரமே மேகத்துக்குள் இருந்தது.

அடிவாரத்தில் பூக்கட்டும் பாட்டியிடம் மழைக்கு ஒதுங்கினேன். படம் பார்க்க வேண்டும் என்றார். செம்பருந்தின் வெள்ளைத் தலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். 2012-இல் மலைக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தபோது மேலே கருடன் வந்து சுற்றியதாம், அன்றைக்கு எல்லோரும் அழுதுவிட்டார்களாம். கருடன் வராமல் கலசத்தில் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள் என்பது எங்கள் ஊர்ப் பக்கமும் உள்ளதுதான். அடுத்த படம் மீன் குடலோடு பறப்பது. பாட்டி கொஞ்சம் திகைத்தார். “பெருமாள் வாகனம் இதையா திங்குது?” பிறகு அவரே, “பசிச்சா திங்கத்தானே வேணும், பாவம்” என்று சொல்லி ஒரு முழம் மல்லிகையை நறுக்கிக் கொடுத்தார். 5 வெள்ளி.

பக்கத்துக் கடையில் தே தாரிக் தேநீரோடு உட்கார்ந்திருக்கும்போது திருக்கழுக்குன்றம் நினைவுக்கு வந்தது. அங்கே தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பண்டாரம் கையால் சர்க்கரைப்பொங்கல் வாங்கித் தின்றதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். தொண்ணூறுகளோடு வருவது நின்றுவிட்டது. நாடு முழுக்கப் பாறுகள் செத்து விழுந்த காலமும் அதுதான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைக்கு அந்த மருந்தைக் கொடுக்கக்கூடாது என்று இந்தியா 2006-இல் தடை செய்தது. அதற்குள் பிணந்தின்னிக் கழுகினங்களில் மூன்று, 100-க்கு 90-க்கும் மேல் அழிந்துபோயின. குன்றத்துப் பறவைகள் ஏன் வரவில்லை என்று தலபுராணம் வேறு காரணம் சொல்லலாம். எனக்கு அந்த இரைதான் கண்ணில் நிற்கிறது. பறவை எதைத் தின்கிறது என்று யாராவது உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க அத்தனை வருடம் ஆகியிருக்காது.

பிப்ரவரி 21, வெள்ளி – பெனாகா வயல்கள்

மழை விட்டது. தம்பிக்கு வேலை, அதனால் சித்தப்பா கார் ஓட்டினார். கோலா மூடாவுக்குப் போகும் வழியெல்லாம் நெல் வயல். சிலவற்றில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. இயந்திரத்துக்குப் பின்னால் கொக்குக் கூட்டம், மின்கம்பியில் கருந்தோள் பருந்து.

காகத்தளவுதான் இருக்கும். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, சிவந்த கண். காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும், பிறகு கால்களைத் தொங்கவிட்டு மெல்ல இறங்கும். காரைவிட்டு இறங்கினால் பறந்துவிடுகிறது. கண்ணாடியை இறக்கி, ஒரு தலையணையை வைத்து அதன்மேல் லென்ஸை வைத்தால் அது நம்மைப் பொருட்படுத்துவதே இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். சித்தப்பா பொறுமைசாலி. வானொலியைக்கூட அணைத்துவிட்டார்.

ஒன்பது மணி வாக்கில் எங்களுக்கு எதிரிலேயே இறங்கி ஓர் எலியோடு எழும்பிக் கட்டைக் கம்பத்தில் உட்கார்ந்தது. ஒரு காலால் எலியை அழுத்திப் பிடித்துத் தலையில் தொடங்கியது. கழுத்து ரோமத்தை அலகால் பிடுங்கி அப்பால் துப்பியது, ரோமம் காற்றில் எங்கள் பக்கம் வந்தது. தலை முடிந்தது. வயிற்றைத் திறந்து குடலை நீளமாக இழுத்து ஓரமாகப் போட்டது. ஈரலைத் தனியாக எடுத்து விழுங்கியது. கடைசியில் பின்னங்கால்கள் வாலோடு ஒரே விழுங்கல், வால் நுனி சில நொடி அலகுக்கு வெளியே தொங்கியது. முழுச் சாப்பாடும் முடிய கால் மணி நேரம் ஆகியிருக்கும். அலகை இரண்டு பக்கமும் கம்பத்தில் தீட்டித் துடைத்துக்கொண்டது. இதைவிடத் தெளிவாக ஒரு பறவை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பின்னணி முழுக்கப் பச்சை. இந்தப் பயணத்தின் நல்ல படங்கள் இங்கேதான் கிடைத்தன, கடலில் இல்லை.

வயல் ஓரத்தில் உயரக் கம்பங்களில் மரப்பெட்டிகள் இருந்தன. கூகைக்கான கூடு. நெல்லிலும் செம்பனை (பாமாயில்) தோட்டங்களிலும் எலியைக் குறைக்க மலேசியாவில் கூகையை இப்படி வரவேற்று வைத்திருக்கிறார்கள். பகலில் பருந்து, இரவில் கூகை என்று வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. டீக்கடையில் பேச்சுக் கொடுத்த ஒரு விவசாயி, பெட்டி வைத்தாலும் பக்கத்து வயலில் எலி மருந்து வைத்தால் என்ன பயன் என்று அலுத்துக்கொண்டார். சரியான கவலை. அந்த மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. ரத்தம் உறையாமல் சில நாள் தள்ளாடித் திரியும், அந்த நாட்களில்தான் பறவைக்குச் சுலபமாக மாட்டும். காலையில் பார்த்த எலி நன்றாக ஓடியதா என்று சித்தப்பாவிடம் கேட்டேன். நன்றாகத்தான் ஓடியது என்றார். அவர் அப்படிச் சொன்னதும் தேநீரை நிம்மதியாகக் குடித்தேன். ரொட்டி சானாய் 1.80, தே தாரிக் 2.20.

பிப்ரவரி 22, சனி – பாலேக் பூலாவ், பூலாவ் பெத்தோங்

தீவின் மேற்குக் கரை. பின்னால் மலை இருப்பதால் சூரியன் தாமதமாகத்தான் எட்டிப் பார்க்கிறது, ஆனால் வந்த பிறகு முதுகில் விழுகிறது. கடலைப் பார்த்து நிற்க இதுதான் நேரம். தெலோக் பகாங் அண்ணன் சொன்னதை நினைத்துக்கொண்டு, தம்பியோடு மீனவர் துறைக்குப் பக்கத்தில் நின்றேன்.

கடல் ஏற்றம் திரும்பும் நேரம். படகுகள் வலையை உதறிக்கொண்டிருந்தன. செம்பருந்துகள் பொடிமீனுக்கு வந்தன. உடும்பு ஒன்று, நம் ஊர் உடும்பைப்போல் இரண்டு மடங்கு இருக்கும், துறையின் கல்லுக்கு அடியிலிருந்து நீந்தி வந்து ஒரு கெளுத்தியை முழுதாக விழுங்கியது. செம்பருந்துகள் அந்தக் கெளுத்திகளைத் தொடவே இல்லை. முள்ளுக்குப் பயம்.

எட்டரை மணிக்கு, ஆற்று வாயில் தண்ணீர் சலசலத்த இடத்துக்குக் கடற்கழுகு வந்தது. உயரத்திலிருந்து பாய்ச்சல் எல்லாம் இல்லை. தாழ்வாக, சிறகை அளந்து அடித்து, சூரியனுக்கு முகம் கொடுத்து நேரே வந்தது. கடைசி நொடியில் கால்கள் இரண்டும் முகத்துக்கு முன்னால் வந்தன. தண்ணீரில் ஒரு கோடு கிழிந்தது. எழும்பும்போது வலது காலில் மீன், துள்ளிக்கொண்டிருந்தது. வெள்ளை வயிறு வெளுத்துப் போகாமல் இறகு இறகாக வந்திருக்கிறது. எக்ஸ்போஷரை முக்கால் குறைத்து வைத்திருந்தேன். அது கரையோரப் புன்னை மரத்துக்குப் போய்த் தின்னத் தொடங்கியதை இலைகள் மறைத்துவிட்டன. செதில்கள் மட்டும் வெயிலில் மின்னிக்கொண்டு கீழே விழுந்தன.

வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் வந்து படம் கேட்டார். கேமராத் திரையில் காட்டினேன். கழுகை அவர் பார்க்கவே இல்லை. பொத்தானை அழுத்திப் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, மீனின் முதுகைத் தேடினார். எனக்கும் அதே ஆசைதான். தட்டையான தலை, இரண்டு முதுகுத் துடுப்பு, எங்கள் ஊர் மடவை. அவர் தன் படகுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து அதே மீனை ஒன்று எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அளவும் கிட்டத்தட்ட ஒன்று. ஏற்றம் திரும்பும்போது அவை கூட்டமாக ஆற்று வாய்க்கு வரும், அப்போதுதான் தானும் வலை போடுவதாகத் தம்பி வழியாகச் சொன்னார். வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினேன். மீன் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து உடனே யாருக்கோ அனுப்பினார்.

பாலேக் பூலாவ் கடைத்தெருவில் லக்சா நூடுல்ஸ் 7 வெள்ளி, புளிப்பும் மீனுமாக, இதற்கே இன்னொரு முறை வரலாம். சாதிக்காய்ச் சாறு 4 வெள்ளி. கடைக்காரம்மாவிடம் மீன் என்னவென்று கேட்டேன். கானாங்கெளுத்தி என்றார், இன்று கரைக்கு வந்ததுதானாம்.